மூன்று சேக்கல்

முத்துக்கடையில் பஸ் ஏறும்போது
பிள்ளை விழித்துக்கொண்டாள்.
எண்பதாவது நாள்.

ஆண் என்றால் நாற்பது, பெண் என்றால் எண்பது,
அதன்பிறகே தாய் சந்நிதிக்கு வரலாம் என்று
பழைய பிரமாணம்.
நான் கணக்குப் பார்த்துக் கிளம்பவில்லை.
எழுபத்துமூன்று நாள் வேலூரில், கண்ணாடிப் பெட்டிக்குள்.
ஏழு நாள் காரையில், ஃபேன் போடாத வீட்டுக்குள்.
ஆஸ்பத்திரி வரச்சொன்ன தேதி இது,
அவ்வளவுதான்.

பிறந்தபோது தொள்ளாயிரத்து எழுபது கிராம்.
ஒரு ஜோடி சேஃப்டி ஷூ அதைவிடக் கனம்.
எனக்குத் தெரியும், அப்பர் தைக்கிறவள் நான்.

பதினோராம் இரவு மூச்சுவிட மறந்துபோனாள்.
மறதிதான், பயப்படாதீங்க என்றாள் நர்ஸ் பியூலா,
உள்ளங்காலைச் சுண்டினா ஞாபகம் வந்துடும்.
சுண்டினாள். வரவில்லை.
மறுபடி சுண்டினாள்.

அந்த இடைவெளியில்தான் சொன்னேன்,
வராந்தாவில், கை கழுவும் குழாய்க்குப் பக்கத்தில்,
முழங்கால் போட இடமில்லாமல் நின்றபடி:
கொடுத்துவிடும்,
உமக்கே கொடுத்துவிடுகிறேன்.

பிறகுதான் அவள் நினைவுக்கு வந்தாள்.
உதடு மட்டும் அசைய அழுதவள்,
குடித்திருக்கிறாள் என்று ஆசாரியனே அதட்டியவள்.
கேட்டாள், கிடைத்தது,
பால்குடி மறந்ததும் கொண்டுபோய் விட்டுவிட்டாள்.
பிரசங்கம் அந்த இடத்தில் ஆமென் சொல்லிவிடும்.
கொஞ்சம் தள்ளி ஒரு வரி இருக்கிறது,
யாரும் நிறுத்தி வாசிப்பதில்லை:
வருஷாவருஷம் சின்னதாய் ஒரு சட்டை தைத்து
எடுத்துப்போவாளாம்.

எதை வைத்து வெட்டினாள்?
பக்கத்து வீட்டுப் பையனை நிறுத்தியா?
போன வருஷத்து அளவில் நாலு விரல் கூட்டியா?
தையல்காரிக்கு இது தெரிந்தாகணும்.
தோள் இறங்கிப்போயிருந்தால்
அங்கேயே உட்கார்ந்து பிரித்துத் தைத்தாளா,
இல்லை, அடுத்த வருஷத்துக்கு ஆகும் என்று
போட்டுவிட்டு வந்துவிட்டாளா?

வீட்டுக்கு வந்த ஏழு நாளும்
நைட் ஷிப்ட் மாதிரி விழித்திருந்து
வேறு வழி உண்டா என்று வேதத்தில் தேடினேன்.
உண்டு.
பொருத்தனை பண்ணினவர் பணம் கட்டி மீட்டுக்கொள்ளலாம்.
ஒரு மாதம் முதல் ஐந்து வயது வரை
ஆணுக்கு ஐந்து சேக்கல்,
பெண்ணுக்கு மூன்று.
வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.
எங்கள் கம்பெனி கூலி நோட்டிலும் இதே கணக்கு.

சேக்கலுக்கு எங்க போவேன் என்றார் இஸ்ரவேல்,
ஆஸ்பத்திரிக்கே இன்னும் நாலு தவணை பாக்கி.

தராசில் கிடத்தினார்கள்.
கால் உதைத்தாள், எண் நிலைகொள்ளாமல் ஓடியது.
சேக்கல் என்பதும் முதலில் ஓர் எடைதானாம்.
ஜன்னல் வலைக்கு வெளியே இரண்டு புறா.
ஆட்டுக்குட்டிக்கு வசதி இல்லாதவர் இதைக் கொண்டுவரலாம் என்று
சலுகை தரப்பட்ட அதே இரண்டு.
பிடிப்பாரில்லை, கழுத்தைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தன.

அட்டையில் பியூலா எழுதினாள்:
இரண்டாயிரத்து நூற்றுப்பத்து.
அடியில் கோடு போட்டு இன்னொன்று:
மூன்று மாதத்துக்குப் பிள்ளையை
யார் கையிலும் கொடுக்கக் கூடாது.
சொந்தக்காரங்க வருவாங்க, கேப்பாங்க, தராதீங்க.

யார் கேட்டாலுமா?

யார் கேட்டாலும் என்றாள், தலை நிமிராமல்.

எங்கள் பெட்டியில் இப்போது வேறொரு சிசு.
குடியாத்தத்துப் பெண்ணுடையது,
தாய் இன்னும் கண் திறக்கவில்லையாம்.
பையிலிருந்து மூன்று சட்டை எடுத்தேன்,
மல் துணி, உள்ளங்கை அகலம்,
அந்த இரவுகளில் கையால் தைத்தது.
இனி இவளுக்கு ஒன்றுகூட நுழையாது.
ஆணா பெண்ணா என்று நான் கேட்கவில்லை.
பியூலா வாங்கி, கொதிநீரில் போடக் கொடுத்தனுப்பினாள்.

திரும்பும்போது பாலாற்றுப் பாலத்தில்
மணல் காற்றுக்குப் பிள்ளை தும்மினாள்.
முந்தானையை இழுத்து மூடினேன்.

சொன்னதை மறக்கவில்லை.
மூன்று மாதம் இருக்கிறது,
பிறகு பேசிக்கொள்வோம்.